அவர் விடாத கயிறு

2013ஆம் ஆண்டு பங்குனி மாதம். பூதப்பாண்டிக்கு அருகில், மழை பொய்த்ததால் அடி வரை வற்றிப்போன ஒரு குளத்தின் படுகையில் இது நடந்தது. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. எங்கள் மாவட்டத்தில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். தக்கலையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ராக்கெட் தரையிலிருந்து கிளம்பும்போது அடர்த்தியான கீழ்க்காற்றைக் கிழித்துக்கொண்டு மேலே போவதற்கே எரிபொருளில் கணிசமான பகுதி தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, இன்ஜின் இல்லாத ஒரு கிளைடரின் வயிற்றில் ராக்கெட்டைக் கட்டி, அந்தக் கிளைடரை ஒரு சாதாரண விமானத்தின் பின்னால் கயிறு போட்டு உயரத்துக்கு இழுத்துப் போகலாம். மேலே போனதும் கயிற்றைக் கழற்றிவிட்டால், ராக்கெட் அங்கிருந்து கிளம்பும். கிளைடர் திரும்பி வந்து தரையில் இறங்கும். மறுபடியும் அதையே பயன்படுத்தலாம். வெளிநாடுகளில் இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று படித்திருந்தேன். அதைச் சின்ன அளவில் நாமும் செய்து பார்ப்போமே என்று நான்கு இறுதியாண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கினேன்.

எங்கள் கிளைடரின் சிறகு பன்னிரண்டு அடி நீளம். வயிற்றில் ராக்கெட்டுக்குப் பதிலாக அதே எடையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அதை இழுத்துப்போகும் பெட்ரோல் இன்ஜின் விமானத்தைக் கட்டியவர் எங்கள் லேப் டெக்னீஷியன். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரர். என் வயதுதான் இருக்கும். வளைகுடாவில் ஒரு விமான நிலையப் பட்டறையில் ஏழு வருடம் வேலை பார்த்தபோது, விடுமுறை நாட்களில் ரிமோட் விமானம் ஓட்டுகிறவர்களோடு பழகி அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தவர். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இழுக்கிற விமானத்தை அவர் ஓட்டுவார், கிளைடரை நான் ஓட்டுவேன். நடுவில் முப்பது மீட்டர் நைலான் கயிறு. கயிற்றின் இரண்டு முனையிலும் கொக்கி. கிளைடரின் கொக்கியைத் திறக்கும் சுவிட்ச் என் ரிமோட்டில், விமானத்தின் கொக்கியைத் திறக்கும் சுவிட்ச் அவர் ரிமோட்டில். யாருக்குச் சின்ன சந்தேகம் வந்தாலும் யாரையும் கேட்காமல் கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் விதி.

சின்னச் சின்னதாக ஒன்பது முறை பறக்கவிட்டு எல்லாம் சரியாக நடந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் விசாரித்தார். கல்லூரி முதல்வருக்கு உற்சாகம் வந்துவிட்டது. விண்வெளித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு விஞ்ஞானியை அழைத்து, அவர் முன்னிலையில் ஒரே கிளைடரை ஒரே நாளில் மூன்று முறை பறக்கவைத்துக் காட்டுவதென்று முடிவானது. முதல்வர் பக்கத்துப் பள்ளியிலிருந்து முப்பது பிள்ளைகளையும் வேடிக்கை பார்க்க அழைத்துவரச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் என்று கேட்டபோது எனக்கு ஒரு நொடி தயக்கம் இருந்தது. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மாலை, ஏற்பாடுகளைப் பற்றிப் பேச முதல்வர் அறைக்குப் போய்விட்டு லேபுக்குத் திரும்பினேன். டெக்னீஷியன் கிளம்பிப் போயிருந்தார். மேசையில் எங்கள் சோதனை நோட்டு திறந்து கிடந்தது. அதில் அவருடைய பெரிய பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: 'கிளைடர் கொக்கி நேராக இழுத்தால் திறக்கிறது. பக்கவாட்டில் பாரத்தோடு இழுத்தால் சிக்குகிறது. புதுக் கொக்கி கடையாமல் பறக்க வேண்டாம்.'

புதுக் கொக்கியை மார்த்தாண்டத்தில் ஒரு லேத் பட்டறையில்தான் கடைந்து வாங்க வேண்டும். குறைந்தது இரண்டு நாள் ஆகும். நிகழ்ச்சியைத் தள்ளிப்போட வேண்டும். அழைப்பிதழ் போயாகிவிட்டது. நான் கயிற்றை மாட்டி, கையால் நேராக இழுத்து, சுவிட்சைத் தட்டினேன். திறந்தது. ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் திறந்தது. பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பார்க்கவில்லை என்று இன்று சொல்ல முடிகிறது. அன்று அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. ஒரு அரம் எடுத்து ஓரத்தை லேசாகத் தேய்த்தேன். மறுநாளைக்கான சரிபார்ப்புத் தாளில் 'கொக்கி: சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு பஸ் பிடிக்கப் போனேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு முதல் பறத்தல். அந்த நேரத்தில் அங்கே காற்றே இருக்காது. கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த வயல்களுக்கு மேலே விமானமும் கிளைடரும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனதைப் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. மேலே போனதும் சுவிட்சைத் தட்டினேன். கயிறு கழன்றது. கிளைடரை இறக்கினேன். என் கையெழுத்து சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அதைப் பார்க்க விருந்தினர் யாரும் இல்லை. அவர்கள் கார் வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். மேற்கிலிருந்து கிளம்பி ஆரல்வாய்மொழி கணவாயை நோக்கிப் பாய்கிற காற்று அப்போது எழுந்துவிட்டது. குளத்தங்கரையில் போட்டிருந்த பந்தல் துணி படபடத்தது. பந்தலுக்கு இந்தப் பக்கம் கரைச் சரிவில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

டெக்னீஷியன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மேடம், காத்து எழும்பிட்டு. நாளைக்கு காலம்பற வெளுப்புக்கு வச்சிக்கிடலாமா?"

"அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க. ஒரே ஒரு தடவ. சீக்கிரம் முடிச்சிடலாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த சரிபார்ப்புத் தாளையும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

விமானம் கிளம்பியது. கிளைடர் பின்னால் எழும்பியது. அறுபது, எழுபது மீட்டர் உயரம் போயிருக்கும். ஒரு பெரிய காற்று வந்து கிளைடரை இடது பக்கமாகத் தூக்கியது. பட்டம் ஒதுங்குவது போலக் கிளைடர் விலகி, விமானத்தைவிட உயரத்துக்குப் போய், அதன் வாலைக் கயிற்றால் மேலே இழுத்தது. விமானத்தின் மூக்கு கீழே குத்தியது. நான் சுவிட்சைத் தட்டினேன். கயிறு கழலவில்லை. மறுபடி தட்டினேன். கழலவில்லை. கிளைடரின் மூக்கு கரைப் பக்கம், பிள்ளைகள் இருந்த பக்கம் திரும்பியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை சில நொடிகள்தான். விமானம் நிமிராமலே வலது பக்கம் சாய்ந்து, காலியாகக் கிடந்த குளத்தின் நடுவை நோக்கிப் பாய்ந்தது. கயிறு விறைத்து, கிளைடரைக் கரையிலிருந்து வெடுக்கென்று திருப்பி இழுத்துக்கொண்டு போனது. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக வெடிப்பு விட்ட சேற்றில் விழுந்தன. விமானத்தின் பெட்ரோல் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. மாணவர்கள் மணல் வாளியோடு ஓடினார்கள்.

கரையில் பிள்ளைகள் கைதட்டினார்கள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

டெக்னீஷியன் ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றித் தரையில் வைத்துவிட்டு, எரிகிற விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடம், வேலை முடிந்த பிறகும் லேபிலேயே இருந்து, ஒவ்வொரு சட்டமாகச் செதுக்கி அவர் கட்டிய விமானம் அது. நான் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்க்காமல், "ஆருக்கும் ஒண்ணும் ஆகலல்லா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

விஞ்ஞானி ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினார். முதல்வர் முகம் இறுகிப்போயிருந்தது. இரண்டு நாளில் அறிக்கை வேண்டும் என்றார்.

அந்த அறிக்கையை நான்தான் எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. பலத்த காற்று என்று எழுதினேன். கிளைடர் விலகியது என்று எழுதினேன். 'இழுவை விமானத்தை இயக்கியவர் விதிப்படி கயிற்றை விடுவிக்கவில்லை. அதனால் இரண்டும் விழுந்தன' என்று எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. உண்மையிலேயே அவர் பதறிப்போய் சுவிட்சை மறந்துவிட்டார் என்றுதான் நான் நம்பினேன், அல்லது நம்ப விரும்பினேன். முந்தைய நாள் மாலை நோட்டில் வாசித்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அவரிடமும் விளக்கம் கேட்டார்கள். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார்: 'கயிற்றை நான் விடவில்லை. தெரிந்தேதான் விடவில்லை.' முதல்வருக்கு அது திமிராகப் பட்டது. அவர் ஒப்பந்த ஊழியர்தான். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் லேபுக்கு வந்து தன் ஸ்க்ரூடிரைவர்களை ஒரு துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் உள்ளேதான் இருந்தேன். "வாறேன் மேடம்" என்றார். "சரி" என்று சொன்னேன். வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால், அவர் சீக்கிரம் போனால் போதும் என்று இருந்தது எனக்கு.

பன்னிரண்டு நாள் கழித்து, மாணவர்களில் ஒருத்தி மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தாள். அதிகம் பேசாத பெண். விமானத்திலும் கிளைடரிலும் நாங்கள் வைத்திருந்த பதிவுக் கருவிகளின் அட்டைகள் கரியோடு கிடந்திருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்து படிக்க முடிகிறதா என்று பார்த்திருக்கிறாள். இரண்டுமே படிக்க முடிந்துவிட்டது.

"மேடம், இது கிளைடர்" என்று கோடுகளைக் காட்டினாள். நான் கொக்கியைத் திறக்கும் சுவிட்சைப் பதினோரு முறை தட்டியிருக்கிறேன். அந்த நேரம் முழுக்க, கிளைடரைத் திருப்புகிற ரிமோட் குச்சியை நான் தொடவே இல்லை. ஒரு கோடு மேலும் கீழும் துடித்துக்கொண்டிருக்க, இன்னொரு கோடு நேராகக் கிடந்தது.

"இது விமானம்."

அவருடைய சுவிட்ச் அசையவில்லை. ஆனால் மற்ற எல்லாம் அசைந்திருந்தன. மூக்கு குத்திய அடுத்த நொடியே அவர் விமானத்தை வலது பக்கம் முழுக்கத் திருப்பி, இன்ஜினை முழு வேகத்தில் வைத்திருக்கிறார். தரையில் மோதும்வரை அப்படியே பிடித்திருக்கிறார். பதறிய கை அப்படிச் செய்யாது.

அந்தப் பெண் மெதுவான குரலில் சொன்னாள். "அவரு விட்டிருந்தா அவருக்க பிளேன் தப்பிச்சிருக்கும் மேடம். கிளைடர்தான் முப்பது மீட்டர் கயிறத் தொங்கப் போட்டுட்டு பிள்ளைங்க மேல போயிருக்கும். நீங்க அத ஓட்டல்லன்னு அவரு பாத்திருக்காரு."

நான் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நைலான் கயிறு அந்த வேகத்தில் ஒரு பிள்ளையின் கழுத்தில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

"இத வேற ஆருக்காவது காட்டினியா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். ஒங்ககிட்டதான் மொதல்ல."

கேட்டதற்காக அந்த நிமிடமே வெட்கப்பட்டேன். அவளுக்கு நான் எதற்காகக் கேட்டேன் என்று புரிந்துவிட்டது. அவள் முகத்தில் அது தெரிந்தது.

அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். அவளையும் கூட்டிக்கொண்டே முதல்வர் அறைக்குப் போனேன். நோட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, இதை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். முதல்வர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு, "முடிஞ்சு போன விஷயத்த எதுக்குக் கிளறணும்?" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்டார். இரண்டு நாள் முன்பு கேட்டிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பெண் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "வேற அறிக்கை எழுதித் தாறேன் சார்" என்றேன்.

எனக்கு மெமோ வந்தது. திட்டப் பொறுப்பிலிருந்து என்னை நீக்கினார்கள். அது நியாயம்தான். டெக்னீஷியனைத் திரும்ப அழைக்கக் கடிதம் அடித்தார்கள். அந்தக் கடிதத்தை நானே கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டு முற்றத்தில் சாக்கு விரித்து, ஒரு மீன்பிடி வள்ளத்தின் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தார். அவர் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டு, பால் விடாத கட்டன் சாயா வைத்தார். நான் உட்காரவில்லை. கடிதத்தை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஏன் அன்னைக்கே விவரமா எழுதல?" என்று கேட்டேன்.

"கேட்டா சொல்லியிருப்பேன் மேடம். ஆரும் கேக்கல்ல. விட்டியா, விடலியான்னுதான் கேட்டாவ. விடல. அத எழுதினேன்."

துணியால் கையை மறுபடி துடைத்துக்கொண்டு அவரே பேசினார். "எனக்கு வேலை போனது கூட ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு காரியந்தான் உறுத்திக்கிட்டே கெடக்கு. கொக்கி சிக்கியது எனக்குத் தெரியும். நோட்டுல எழுதிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். காலையில தாளப் பாத்தா ஒங்க கையெழுத்து. ராத்திரியே எப்படியாவது சரியாக்கியிருப்பியளோன்னு நெனச்சேன். பெறவுதான் தோணிச்சு, அந்தப் பக்கத்த நீங்க காணவே இல்லியோன்னு. நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கணும். பிள்ளைங்க இருந்துது. கேக்காம ஏத்திவிட்டேன். இத்தன நாளும் அதத்தான் நெனச்சிட்டு கெடக்கேன்."

அவர் மனைவி கதவருகில் நின்று, "சரியாச் சோறுகூடத் திங்கதில்ல" என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

"வாசிச்சேன்" என்றேன். "அந்தப் பக்கத்த வாசிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். கொக்கிய மாத்தல."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகச் சாக்கில் உட்கார்ந்தார். ஒரு நட்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார். பிறகு என்னிடம் அல்ல, தன் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"அப்போ எனக்க தப்பு இல்ல."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அழவில்லை. அழுவதற்கு அங்கே எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. செய்யாத தப்பு ஒன்றை ஒரு மனிதர் பன்னிரண்டு நாளுக்கும் மேலாகச் சுமந்திருக்கிறார். செய்த நான் தினமும் சாப்பிட்டு, தூங்கி, வகுப்பு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குக் கோபம் வந்தது. குரல் உயரவில்லை. "முப்பது பிள்ளைங்க மேடம்" என்றார். "முப்பது." அவ்வளவுதான். சாயா ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

அவர் வேலைக்குத் திரும்பி வந்தார். உடனே இல்லை, ஜூன் மாதம். வந்த அன்று, புதிய பொறுப்பாளர் முன்னால் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து ஒன்று சொன்னார். "இனி பறக்கவிடுற அன்னைக்கு ஆரு வேண்டாம்னு சொன்னாலும் அன்னைக்குப் பறத்தல் இல்ல. பெருக்குற அக்கா சொன்னாலும் சரி. காரணம் பெறவு கேட்டாப் போதும்."

அடுத்த வருடம் மாசியில் அவர் கட்டிய இரண்டாவது விமானத்தோடு, அதே குளத்தில், மறுபடியும் விருந்தினர்கள் முன்னிலையில் சோதனை வைத்தோம். கரையில் பிள்ளைகள் இல்லை. நான் ரிமோட்டைத் தொடவில்லை, நேரம் குறித்துக்கொள்ளும் வேலை எனக்கு. விமானம் கிளம்பப்போகிற நேரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான். இன்ஜின் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்றான். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் தெரியவில்லை. டெக்னீஷியன் இன்ஜினை நிறுத்திவிட்டார். விருந்தினர்கள் வெயிலில் நின்று, பிறகு காரில் ஏறிப் போனார்கள். மாலை வரைக்கும் பிரித்துப் பார்த்தோம். இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை.

அந்த மாணவன் முகம் சிறுத்துப்போய் நின்றான். டெக்னீஷியன் அவன் தோளில் கைவைத்து, "கொள்ளாம் மக்கா. நல்லதாப் போச்சு" என்றார். அதை அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நல்லதாகப் போனது என்றே நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து, யாருக்கும் அழைப்பு அனுப்பாமல், வெளுப்பதற்குள் போய் ஒரே கிளைடரை மூன்று முறை ஏற்றி மூன்று முறையும் பத்திரமாக இறக்கினோம். கைதட்ட ஆள் இல்லை. அவர் மூன்றாவது முறை இறங்கிய கிளைடரைத் தூக்கித் துடைத்துவிட்டு, வேனில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்களோடு இருந்துவிட்டு, மறுபடி வளைகுடாவுக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அனுப்புவார். நானும் அனுப்புவேன். அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இன்று வேறொரு கல்லூரியில் துறைத் தலைவராக இருக்கிறேன். என்னைப் பொறுப்பானவள், எதிலும் கவனமானவள் என்று சொல்வார்கள். அப்படி யாராவது சொல்லும்போதெல்லாம், என் கையால் ஒரு பிள்ளையின் உயிர் போகவில்லை என்பது என்னுடைய கவனத்தால் அல்ல, தன் உழைப்பை எரியவிட்டு இன்னொருவர் எனக்குக் கொடுத்த கொடை என்பதை நான் மறக்காமல் நினைத்துக்கொள்கிறேன்.